வெறுங்குழல்

இரண்டாம் கட்டு முற்றத்தில் பழைய கோணியை விரித்து, அதன்மேல் புதுத் துப்பாக்கியைக் கிடத்தி, கோட்டைச்சாமி பசை துடைத்துக்கொண்டிருந்தான். வெயில் இன்னும் முற்றத்துக்குள் இறங்கவில்லை. அதற்குள் அவன் மூன்று பேர்மீது கோபப்பட்டு முடித்திருந்தான்.

முதல் கோபம் துணிக்காக. "துவைச்சுத் துவைச்சு நைஞ்ச வேட்டியாக் கொடுங்க, நூல் பிரியாம இருக்கணும்" என்று முந்தின நாளே கேட்டுவைத்திருந்தான். வந்தது கஞ்சி போகாத புதுக் காடா. அதைக் கொண்டு தேய்த்தால் கைதான் நோகும், பசை நகராது. கடைசியில் தன் தோளில் கிடந்த துண்டையே கிழித்துக்கொண்டான்.

இரண்டாவது எண்ணெய்க்காக. மண்ணெண்ணெய் கேட்டிருந்தான். வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் மேலாள் தேனப்பன், ஒரு செம்பு நிறைய நல்லெண்ணெயைத் தாமே ஏந்திக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு மேலாளய்யா? நான் இன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கப்போறதில்லையே?"

"இரும்புக்கு எண்ணெய்தானப்பா கேட்டே. அதுலயும் நல்லெண்ணெய். சீமைத் துப்பாக்கிக்குச் சீமெண்ணெய் ஊத்துனா நாலு பேரு சிரிப்பாக."

"நல்லெண்ணெய் நாலு நாள்ல பிசினாப் போகும். உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு ஒட்டிக்கிரும்."

"செக்கு எண்ணெயப்பா!"

"செக்கையே உருட்டிக்கிட்டு வந்தாலும் வேண்டாம். அரிக்கன் லைட்டுல ஊத்துறீகள்ல, அது வேணும்."

தேனப்பன் செம்பைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார். மண்ணெண்ணெய் வந்தது. அடுப்படிப் பக்கம் வாடை வரக் கூடாது என்ற உத்தரவும் கூடவே வந்தது.

மூன்றாவது கோபத்தை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் அது கைக்கு இறங்கிவிட்டது. "கோவம் வந்தா மத்த ஆம்பிளைக கள்ளுக்கடைக்குப் போவாக. எங்க வீட்டு ஆளு கிணத்து உருளையைக் கழத்தி வச்சுக்கிட்டுத் துடைக்க உக்காந்துருவாரு" என்று அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு ஊரணியில் தண்ணீர் எடுக்கும்போது சொல்லிச் சிரிப்பாள். சொல்வது சரிதான். அன்றைக்கு அந்தத் துப்பாக்கி துடைபட்டதுபோல அந்த வீட்டில் வேறெதுவும் துடைபட்டதில்லை.

முத்தப்பச் செட்டியாருக்கென்றே சீமையில் சொல்லிச் செய்தது. எட்டு மாதம் கழித்துத் தகரம் அடித்த மரப்பெட்டியில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியும் ரயிலுமாகக் காரைக்குடிக்கு வந்து சேர்ந்திருந்தது. கப்பலில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறாமல் இருக்க, செய்தவன் குழலுக்கு உள்ளும் புறமும் உறைந்த நெய்போல ஒரு பசையை அப்பியிருந்தான். அந்தப் பசை கடைசிப் பொட்டு வரைக்கும் போனால்தான் முதல் குண்டைப் போடலாம். பார்ப்பதற்குப் பளபளவென்று இருந்தாலும், புதுத் துப்பாக்கி பிரசவமான உடனே குளிப்பாட்டாத பிள்ளைமாதிரிதான் என்பது கோட்டைச்சாமியின் கணக்கு.

பின்பக்கத்தை மூடி, குண்டை வெடிக்கவைக்கும் போல்ட்டை உருவித் தனியே வைத்தான். மண்ணெண்ணெயில் ஊறிய துணியைப் பித்தளைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தான். மஞ்சளாக வந்தது. இன்னொன்று, இன்னும் மஞ்சள். இருபதாவது துணிக்குமேல் வெள்ளையாக வர ஆரம்பித்தது. குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே வரிவரியாகச் சுழன்று போகும் பள்ளங்கள் நீரோட்டம்போல மின்னின. அந்த ஒரு கணம் மட்டும் கோபம் இல்லை. பிறகு தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டைத் துணியில் வாங்கி, போல்ட்டின் உரசும் இடங்களில் மட்டும் பூசினான். குழலின் உள்ளே மெலிதாக ஒரு பூச்சு. சுடுவதற்கு முன்னால் அதையும் வறட்டுத் துணி விட்டு எடுத்துவிட வேண்டும்.

இந்த வேலையெல்லாம் அவன் பஸ்ராவில், பட்டாளத்தில் படித்தது. நாச்சியாபுரத்துக்குக் கிழக்கே மானம் பார்த்த பூமியில், நாலு அண்ணன் தம்பிகளில் மூன்றாவதாகப் பிறந்தவன். ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது, வீட்டில் ஒரு வயிறு குறையட்டும் என்று போய்ப் பெயர் கொடுத்தான். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, இருந்த காணி நிலத்தை மற்ற மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "நீ திரும்பி வருவேன்னு யாரு கண்டா?" என்றான் மூத்தவன். அதற்குமேல் கேட்கப் பிடிக்காமல் காரைக்குடிக்கு வந்து செட்டியார் வீட்டு வாசலில் காவலுக்கு நின்றான். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதில் பாதி நாள் செட்டியார் பர்மாவில், மோல்மேனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டது கண்ணம்மை ஆச்சியும் வாசலில் அவனும்தான். திருடன் பயத்துக்கென்று வைத்திருந்த பழைய வேட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக் காப்பாற்றியதும் அவன்தான்.

புதுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு எழுதியபோது, "வரட்டும் கோட்டை. என் சாந்திக் கல்யாணத்தன்னைக்கு முதல் வெடி நீதான் போடணும்" என்று செட்டியார் தம் வாயால் சொல்லியிருந்தார். பிரஜோற்பத்தி வருஷம் பிறந்தது. செட்டியாருக்கு அறுபது முடியப்போகிறது. நாலு நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை இராமு வந்து இறங்கினார். மறுநாள் செட்டியார், பட்டாலைத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டே, "முதல் வெடி மாப்பிள்ளை போடட்டும்ப்பா. சம்பந்திக முன்னால அதுதான் எடுப்பா இருக்கும். நீ துடைச்சு மட்டும் வச்சிரு" என்றார். கோட்டைச்சாமி "ஆகட்டுமய்யா" என்றான். மூன்றாவது கோபம் அதுதான்.

சாயங்காலம் துப்பாக்கியைச் சாமி அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். மறுநாள் காலை கலசத்தோடு அதற்கும் பூசை.

"ஆச்சி, சந்தனம் வைக்கிறதுன்னா பின்னால மரக்கட்டைமேல வைங்க. இரும்புல வேண்டாம்."

"ஏன், இரும்புக்குச் சந்தனம் கசக்குமா?"

"ஈரம் பட்டாத் துரு ஏறும்."

"சரிப்பா. கட்டையிலயே வைக்கிறேன். ரெண்டு நாளா மூஞ்சியை ஒரு முழம் தூக்கி வச்சிருக்கியே, அதை முதல்ல இறக்கு."

குழலுக்குள் எதையும் போட்டுவிடாதீர்கள் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

மறுநாள் விடியற்காலையில் செட்டியாருக்கும் ஆச்சிக்கும் கலச நீர் ஊற்றி, மறு தாலி கட்டி, பந்தி நாலு தடவை முடிந்தது. வெடி போடுவது மாலை நாலு மணிக்கு என்று பேச்சு. ஊருக்கு மேற்கே வறண்டு கிடந்த ஊரணியின் கரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் மேளத்தோடு அங்கே நகரத் தொடங்கியதும், கடைசித் துணியை விட்டு எடுப்பதற்காகக் கோட்டைச்சாமி சாமி அறைக்குள் போனான்.

துப்பாக்கி மூலையில் வாய் மேலே பார்க்க நிமிர்ந்து சாய்ந்திருந்தது. சொன்னபடி கட்டையில்தான் சந்தனம். ஆனால் குழல்வாயிலும் ஒரு சந்தன வில்லை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரி, துடைத்துவிடலாம் என்று மடியில் கிடத்திப் போல்ட்டை உருவினான். நாலைந்து அரிசி மணிகள் பொலபொலவென்று அவன் மடியில் உதிர்ந்தன.

குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நேற்று நீரோட்டம்போல மின்னிய இடத்தில் இருட்டு. பித்தளைக் கம்பியை விட்டான். ஒரு சாண் போய், கடக்கென்று நின்றது.

"யாரு இதுல கையை வச்சது?"

அவன் போட்ட சத்தத்தில், வாசல்வரை போயிருந்த ஆச்சி திரும்பி வந்தாள். புதுப்பட்டு சரசரக்க அவள் பின்னால் மாப்பிள்ளை இராமுவும் வந்து நின்றார்.

"நான்தான் வச்சேன். ஏன் இப்படிக் கத்துறே?"

"உள்ள என்ன போட்டீக?"

"ஒரு விரலி மஞ்சள். ஒரு சிட்டிகை பச்சரிசி. ஒல்லி மஞ்சளாத் தேடித் தேடித்தான் போட்டேன்."

"துப்பாக்கிக்குள்ளயா ஆச்சி?"

"புதுசா வந்த சாமான் வெறுங்குழலா நிக்கலாமா, அதுவும் இந்த நாள்ல?" என்றாள் ஆச்சி, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அந்த வீட்டு வழக்கம் அவனுக்குத் தெரியாதது அல்ல. புதுக் குடம் வந்தால் ஒரு பிடி அரிசி. புதுப் பெட்டி வந்தால் ஒரு மஞ்சள் கொம்பு. வெறுமையாக எதுவும் நிலைப்படி தாண்டி உள்ளே வராது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு இரும்புப் பெட்டி வந்தது. ஆச்சி ஊரில் இல்லாத நேரம். யாரோ அப்படியே வெறும் பெட்டியாக உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த வாரமே மோல்மேனிலிருந்து தந்தி. மூத்த பையன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு ஆச்சி இந்த விஷயத்தில் யார் சொல்லையும் கேட்பதில்லை. கோட்டைச்சாமியும் வாய் திறந்ததில்லை. குடத்தில் அரிசி கிடந்தால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது?

"ஆச்சி, இதை எடுத்தாகணும். அடைச்ச குழலோட சுட்டா வெடிச்சிரும்."

"வெடிக்கத்தானேய்யா துப்பாக்கி?" என்றார் இராமு. "குண்டோட சேர்ந்து அதுவும் பறந்து போகும். அட்சதை தூவுனமாதிரி இருக்கும், போ."

வாசலில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஆச்சியும் சிரித்தாள்.

"மாப்பிள்ளையய்யா, இது சிரிக்கிற காரியமில்லை."

"அட, ரங்கூன்ல நான் சுடாத வாத்தா? எங்கிட்டக் கொடு."

"வாத்து சுடுறது வேற. இங்குட்டு வந்து குழலுக்குள்ள பாருங்க, வெளிச்சம் தெரியுதா?"

"வெளிச்சம் எதுக்கய்யா, நான் என்ன அதுக்குள்ள புகுந்தா போகப்போறேன்?"

மறுபடியும் சிரிப்பு. சிரிப்புச் சத்தம் கேட்டுச் செட்டியாரே வந்துவிட்டார். கழுத்தில் மாலை, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. "என்ன தாமசம்? அங்குட்டு சம்பந்திக வெயில்ல நிக்கிறாக" என்றார்.

ஆச்சி சொன்னாள்: "மங்கலத்துக்குப் போட்டதை எடுத்து எறியணும்கிறான். இன்னைக்கு அதை எடுக்கக் கூடாது. வெடி போட்டபிறகு என்ன வேணாலும் செய்யட்டும்."

செட்டியார் கோட்டைச்சாமியை ஏற இறங்கப் பார்த்தார். "புரியுதுப்பா. முதல் வெடி உனக்குக் கிடைக்கலை. அந்தப் பொருமல். அதுக்கு இதுவா நேரம்?"

கோட்டைச்சாமிக்குக் காது இரண்டும் சூடேறின. பொருமல் இருந்தது, இல்லையென்று அவனால் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறவன் வாய்க்குள், சொல்லாத ஒன்றையும் சேர்த்து வைத்து அடைக்கிறார்கள்.

"பொருமல்தான் அய்யா. ஆனா இது அதுக்காக இல்லை. மானகிரிச் சின்னக்கருப்பன்னு ஒருத்தன் எங்கூடப் பஸ்ராவுல இருந்தான். மழை பேஞ்ச சேத்துல வழுக்கி விழுந்து, துப்பாக்கி வாயைச் சகதியில குத்திக்கிட்டான். வெளியில தொடச்சான், உள்ள பாக்கலை. அன்னைக்கே சுட்டான். குண்டு வெளியே போகலை. குழலு வாழைப்பூ மடல்கணக்கா விரிஞ்சு போச்சு. இந்தப் பக்கத்துத் தாடையும் கண்ணும் இல்லை அவனுக்கு. மூணு நாள் உசிரோட கெடந்தான். நான்தான் வாயில தண்ணி விட்டேன். விட்ட தண்ணி கன்னத்து வழியா வந்துச்சு."

இந்தக் கதையை அவன் அம்மாக்கண்ணுவிடம்கூடச் சொன்னதில்லை. சின்னக்கருப்பனின் தாயாரிடம் காய்ச்சலில் போனான் என்று சொல்லிவிட்டு வந்தவன்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறே?" என்றாள் ஆச்சி. "மாப்பிள்ளையை வச்சுக்கிட்டு! வாயைக் கழுவு!"

"கழுவுறேன் ஆச்சி. முதல்ல குழலைக் கழுவிட்டு."

"கோட்டை!" என்று அதட்டினார் செட்டியார். "துப்பாக்கியை மாப்பிள்ளை கையில கொடு."

கோட்டைச்சாமி துப்பாக்கியைக் கொடுத்தான். இராமு வாங்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். அப்போதுதான் அதன் பின்பக்கம் திறந்துகிடப்பதைப் பார்த்தார். போல்ட் கோட்டைச்சாமியின் கையில் இருந்தது.

"அது எங்கய்யா?"

"எங்கிட்ட இருக்கு. குழலு சுத்தமானாத் தருவேன். இல்லாட்டி இந்தா, என்னை நாலு பேரை விட்டு அடிச்சுப் பிடுங்கிக்கங்க. நான் வாசல்ல போயி நின்னுக்கிறேன், எல்லாரும் பாக்கட்டும்."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் அந்த வீட்டில் அப்படிப் பேசியதில்லை. வெளியே மேளம் தூரமாகிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் வந்து, "கிளம்பலாமான்னு கேக்குறாக" என்று சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். செட்டியார் முகத்தில் சிரிப்பை வரவழைத்து, "இந்தா வந்தாச்சு" என்றார். வந்த ஆள் போனதும் சிரிப்பும் போயிற்று.

"செய்யி. செஞ்சு தொலை."

இராமு துப்பாக்கியை நீட்டினார். கோட்டைச்சாமி தரையில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கம்பியை விட்டு உள்ளங்கையால் தட்டினான். நகரவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி தட்டினான். உள்ளங்கை கன்றியது. ஏழாவது தட்டுக்கு ஏதோ இளகி நகர்ந்தது. குழல்வாய்ச் சந்தனத்தை உடைத்துக்கொண்டு முதலில் அரிசி கொட்டியது, பிறகு மஞ்சள். பளபளவென்று போட்டது, எண்ணெயும் நசுங்கலுமாகக் கறுத்து, எலிப்புழுக்கைபோல வந்து தரையில் விழுந்தது.

ஆச்சி "முருகா" என்றாள். குனிந்து, பட்டுச்சேலை தரையில் புரள, அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்கக் கோட்டைச்சாமிக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. ஒரு துணி, இரண்டாவது துணி, மூன்றாவது வறட்டுத் துணி. வெளிச்சத்தில் பார்த்தான். வரிகள் தெரிந்தன. போல்ட்டைச் செருகி, இழுத்துப் பார்த்து, துப்பாக்கியை மாப்பிள்ளையிடம் நீட்டினான். கட்டையைத் தோளில் அழுத்திப் பிடிக்கச் சொல்ல வாயெடுத்தான். இராமு அதற்குள் போய்விட்டார்.

அவன் ஊரணிக்குப் போகவில்லை. காலியான வீட்டின் வாசலில் நின்று காது கொடுத்தான். ஒரே ஒரு சத்தம். பனைகளில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிக் கூச்சலிட்டன. அதைத் தாண்டி ஜனங்களின் ஆரவாரம் கேட்டது. யாரும் அலறவில்லை.

விளக்கு வைப்பதற்கு முன்னால் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாமி அறையில் செட்டியார், ஆச்சி, மாப்பிள்ளை, தேனப்பன். துப்பாக்கி பாயில் கிடந்தது. குழலின் வாயில் கரி. சுட்டபிறகு யாரும் தொடவில்லை என்று தெரிந்தது.

"வட்டத்துக்குள்ளயே பட்டுச்சு, தெரியுமா?" என்றார் இராமு. அவர் தோள்பட்டையை லேசாகத் தடவிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே ஆகலை பாத்தியா? என்னமோ வாழைப்பூங்கிறே, தாடைங்கிறே."

"மஞ்சளோடயே குண்டு போயிருக்கும்" என்றாள் ஆச்சி யாரையும் பார்க்காமல். "என் கையால போட்டதை என் கண்ணு முன்னாலயே கொட்டுனான்."

கோட்டைச்சாமி குழல்வாயின் கரியைப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை என்பதே தான் செய்த வேலைதான் என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு முகம் முழுசாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, இதோ பாருங்கள் என்றா?

செட்டியார் தொண்டையைச் செருமினார். "உன் மேல எனக்குக் கோவமில்லைப்பா. நல்லதுக்குத்தான் செஞ்சே. ஆனா ஆச்சி மனசு கஷ்டப்பட்டுப் போச்சு. நீ வாசலைப் பாத்துக்க. இனிமே இந்தத் துப்பாக்கியைத் தேனப்பன் பாத்துக்கிருவாரு. ஆவணியில பேரனுக்குக் காது குத்து வருது. அன்னைக்கும் மாப்பிள்ளைதான் வெடி போடுறாக."

தேனப்பன் தலையை ஆட்டினார். அவர் துப்பாக்கியைப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது.

"அய்யா சொன்னாச் சரி" என்றான் கோட்டைச்சாமி. குரல் அவனுக்கே அந்நியமாக, கீழே இறங்கி ஒலித்தது. "வாசல்லயே நிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஆச்சிக்கிட்டக் கேட்டுக்கிறேன்."

ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆவணி வரைக்கும் இது பெட்டியில கெடக்கும். மறுபடி பூசைக்கு எடுப்பீக. மாப்பிள்ளையய்யா வந்து தோள்ல வைப்பாக. அன்னைக்கு இந்தக் குழலுக்குள்ள என்ன இருக்கும் ஆச்சி? யாரு பாப்பாக?"

இராமு தம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டார். செட்டியார் வெற்றிலைச் செல்லத்தைத் தம் பக்கம் இழுத்தார். ஆச்சி, பொறுக்கிய அரிசியை முடிந்துவைத்திருந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டைச்சாமி நின்றான். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து, செட்டியார் வாயில் போட்டுக்கொள்ளும் வரைக்கும் நின்றான். பிறகு நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான்.